சைக்கிளில் போன பால்

எங்கள் தீவில் பாலைவனம் கிடையாது. மேற்குக் கரையில் பாம்பூ ஊரைத் தாண்டியதும் வரும் வறண்ட வெளியைப் பாலைவனம் என்று சொல்வது நாங்கள் நாலு பேர்தான். சைக்கிளில் அதைக் கடந்தவர்கள் என்ற உரிமையில் சொல்லிக்கொள்கிறோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள். ஆனால் மழை வர மறந்துபோன ஒரு வருடம், தைப்பூசத்துக்கு முந்தின நாள், அந்த வெளியின் நடுவில் நின்று ஒரு பித்தளைச் சொம்பில் காதை வைத்துக் கேட்டவன் நான். அப்போது என் வாயில் இருந்த வறட்சிக்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

இந்தியாவிலிருந்து வரும் பத்திரிகைகளில் தை மாதம் என்றால் பனி என்று எழுதுகிறார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்குத் தை மாதம் உச்ச வெயில். புயல் வருமா என்று ஒரு கண் எப்போதும் கடல் பக்கம் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு எங்கள் முட்டாள்தனத்தை அளப்பது சுலபம்.

நாலு பேர் யார் யார் என்று சொல்லவேண்டும். முதலில் நான். ட்ரியோலேயில் இரண்டு ஆர்ப்பான் கரும்பு, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர்; வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம். கரும்புக்காரர்கள் என்னைப் படித்தவன் என்பார்கள், படித்தவர்கள் கரும்புக்காரன் என்பார்கள். இரண்டு பக்கத்திலும் அது பாராட்டு இல்லை. இரண்டாவது என் மச்சான், மனைவியின் தம்பி. போ பசானில் வீடு, தலைநகர் போர் லூயியில் குமாஸ்தா வேலை, தினமும் ரயிலில் போய்வருகிறவர். எங்களிடம் இருந்த சைக்கிள்களில் புதியது அவருடையதுதான். அதனால் தலைமையும் அவரிடம் போயிற்று. தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கான் தெ மாஸ்க்கிலிருந்து வரும் தச்சர். அவர் தாத்தா கப்பலில் வந்த தமிழர். பேரன் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கோரஸ் பாடுகிறவர். எங்கள் கூட்டத்தில் உண்மையாகவே கையால் ஒரு காரியம் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நாலாவது ஆளை நான் தம்பி என்று கூப்பிடுவேன். ரத்த உறவு இல்லை. அவர் கரும்புக்கும் என் கரும்புக்கும் நடுவே ஒரே கல்வரிசை. இரண்டு பக்கத்து நிலத்திலிருந்தும் பொறுக்கிப்போட்ட கல் அது. வருடா வருடம் கல் பொறுக்கும்போது பேசிப் பேசி உறவாகிவிட்டது. இந்தக் கதை தம்பியுடையது.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் கிரியோல்தான், பிரெஞ்சு கலந்த எங்கள் தீவு மொழி. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்தில்தான் எங்களுக்குத் தமிழ் ஆரம்பிக்கும். இங்கே எல்லோரையும் தமிழிலேயே பேச விட்டிருக்கிறேன். தச்சர் இதைப் படித்தால் தனக்கு இவ்வளவு நல்ல தமிழ் வருமா என்று ஆச்சரியப்படுவார்.

தம்பிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்துவிட்டன. இரண்டும் காய்ச்சல். மூன்றாவது ஒரு பெண். அதற்கும் காய்ச்சல் வந்தது. தாய்க்கும் வந்து, பால் நின்றுவிட்டது. வீட்டில் இருந்த சிவப்புப் பசுவின் பாலைத் தண்ணீர் கலந்து, துணித்திரியில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தார்கள். குழந்தை குடித்தது, பிழைத்தது. அந்த நாட்களில் தம்பியின் மனைவி ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள். அவள் பிறந்தது தென்மேற்கே, ஷமாரேல் பக்கத்து மலையில், ஒரு தோட்டத்துக் குடியிருப்பில். அங்கே தகரக் கூரை போட்ட சின்ன முருகன் கோயில் உண்டு. அந்த முருகனுக்கு, இந்தப் பசுவின் பாலையே, தைப்பூசத்துக்குக் காவடியில் கொண்டுவந்து ஊற்றுகிறோம் என்று. அதுவரைக்கும் குழந்தையைப் படலைத் தாண்டி வெளியே விடமாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். முதல் இரண்டையும் அவசரப்பட்டு ஊருக்குக் காட்டிவிட்டோம் என்பது அவள் எண்ணம். முடி இறக்கவில்லை, காது குத்தவில்லை. குழந்தை தவழ ஆரம்பித்து படல்வரை வந்து கம்பைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கும். நான் வெளியே நின்று பார்ப்பேன். ஒரு நாள்கூடத் தூக்கியதில்லை.

எங்கள் ஊரில் காவடி எடுக்கிறவர்களுக்கு ஒரு கவலை பொது. மேலே கட்டின சொம்பில் இருக்கும் பால் கோயில் போய்ச் சேரும்வரை கெடக்கூடாது. பூசாரி எல்லோர் முன்னாலும் துணியை அவிழ்ப்பார். பால் திரிந்திருந்தால் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதே போதும். விரதத்தில் குறை, வீட்டில் குறை, நெஞ்சில் குறை என்று அவரவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். சாதாரணமாக ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரைக்கும் அரை நாள் ஊர்வலம். அதற்கே அத்தனை பயம். தம்பியின் பசு தீவின் வடக்கே நிற்கிறது, சாமி தென்மேற்கு மலையில் நிற்கிறார். நடுவில் தீவில் பாதி இருக்கிறது. மேற்குக் கரைக்கு ரயில் இல்லை. மாட்டுவண்டி போய்ச்சேர இரண்டு நாள் ஆகும். மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு எங்கள் முருகனோடு பழக்கம் இல்லை.

ஆகவே சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேரும் கிராண்ட் பே, மஹெபூர் என்று சுற்றிவிட்டு வருகிறவர்கள்தான். விடியுமுன் கறந்து, விடியும்போது கிளம்பி, மாலைக்குள் மலை ஏறிவிடலாம் என்று மச்சான் கணக்குச் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பாலைவனங்களை ஒட்டகத்தில் கடந்த வெள்ளைக்காரர்களின் பயணங்களை நான் அப்போது வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கும்போது களைப்பே தெரியவில்லை.

விரதம் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கிற்று. தம்பி தோல் தொடக்கூடாது. சைக்கிளின் சீட்டோ தோல், அதுவும் மாட்டுத்தோல். பசுவின் பாலைச் சுமந்துகொண்டு பசுவின் மேலேயே உட்கார்ந்து போவதா என்று தம்பி கேட்டார். தச்சர் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலா மரத்தில் ஒன்று செதுக்கிக் கோணிச்சாக்கு சுற்றிக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. உட்காருவதற்காகச் செய்த பொருள் என்று சொன்னால்தான் தெரியும். பிறகு சங்கிலிக்குப் போடும் கிரீசில் என்ன கொழுப்பு இருக்கிறதோ என்ற சந்தேகம். துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் விட்டோம். சங்கிலி ட்ரியோலேயிலிருந்து மலைவரைக்கும் கீச்சிட்டது. தம்பி செய்வதை நாமும் செய்வோம் என்று நாங்கள் மூன்று பேரும் மீன், கறி எல்லாம் விட்டோம். தச்சரும் விட்டார். உங்கள் சாமிக்கு இது தெரியுமா என்று மச்சான் அவரைச் சீண்டினார். எங்கள் சாமி வெள்ளிக்கிழமை மட்டும்தான் கேட்பார், மற்ற நாள் உங்கள் சாமிக்குக் கடன் கொடுத்திருக்கிறேன் என்றார் தச்சர்.

பாலைப் பற்றி நாங்கள் நடத்திய ஆலோசனை பெரியது. வெயில்தான் எதிரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். சொம்பைச் சுற்றி ஈரக்கோணி, அதன்மேல் வாழைமட்டை. வழியில் தண்ணீர் கண்ட இடமெல்லாம் நனைப்பது. வாயில் வாழையிலை, அதன்மேல் மஞ்சள் துணி, விளிம்பைச் சுற்றி மாவு பிசைந்து அடைப்பு. அடைத்தபின் பூசாரி கைதான் அவிழ்க்கவேண்டும். விளிம்புவரை ஊற்றினால் குலுங்கும்போது மாவடைப்பைக் கரைத்து வழிந்துவிடும், அதனால் முக்கால் சொம்பு போதும் என்று முடிவாயிற்று. இதை யார் சொன்னது என்று பிற்பாடு நாங்கள் நிறைய வாதாடியிருக்கிறோம். நாலு பேருமே மாட்டுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

கிளம்பும்போது தம்பியின் மனைவி படலுக்கு உள்ளேயே நின்றாள். இடுப்பில் குழந்தை. சொம்பை ஹாண்டில்பாரின் முன்னால் தச்சர் செய்த வளையத்தில் வைத்துக் கட்டினோம். அவள் கையை நீட்டிக் கட்டை இழுத்துப் பார்த்தாள். நிதானமாகப் போங்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை, சொம்பைப் பார்த்துச் சொன்னாள்.

போர் லூயி வரைக்கும் நல்ல ரோடு. நகரம் அப்போதுதான் கடைகளைத் திறந்துகொண்டிருந்தது. மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு, மரச்சீட்டில் கீச்சிட்டுக்கொண்டு போகும் தம்பியையும், பின்னால், மடித்து விரிக்கும்படி தானே செய்த காவடியைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகும் தச்சரையும், தொப்பி போட்ட மச்சானையும் பார்த்து ஒரு போலீஸ்காரர் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் சைக்கிள் அவருக்குத் தெரிந்த சைக்கிளாக இருக்கலாம். ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரரிடமிருந்துதான் அதை வாங்கினேன்.

பாம்பூவுக்குப் பிறகு ரோடு கல்லாகிவிட்டது. எரிமலை துப்பிய கருங்கல்லை உடைத்து வண்டிச்சக்கரத்துக்காகப் பரப்பின ரோடு. எங்கள் டயர்களைக் கேட்டுப் பரப்பவில்லை. இரண்டு பக்கமும் மஞ்சள் புல், முள்ளுச்செடி, காய்ந்த கற்றாழை. இடதுபக்கம் மலைகள் நீலமாக, கிட்டே வருவதுபோலக் காட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றன. வலதுபக்கம் கடல் இருக்கிறது என்று தெரியும், பார்க்க முடியாது. அந்த வெளியில் பேச்சு தானாகவே நின்றுவிடும். எனக்குக் கொஞ்சம் தொப்பை உண்டு. ஒவ்வொரு கல்லிலும் அது தனியாக ஏறி இறங்கியது. ஒட்டகப் பயணிகள் எழுதாமல் விட்டவை எவ்வளவு என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். களைப்பு ஓர் அளவைத் தாண்டியதும் மனசு சுத்தமாகிவிடுகிறது. கரும்பு, ஆலை, மழை, அலமாரி எல்லாம் போய், முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் மிஞ்சியது. வேர்வை வழியும் அந்த முதுகு முன்பக்கம் எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் தவிர உலகத்தில் வேறு வேலை இல்லை என்று ஒரு நிம்மதி. புத்தகத்தில் தேடி எனக்குக் கிடைக்காத நிம்மதி அது. நீடிக்கவில்லை.

தம்பி பிரேக் போட்டார். நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் நின்றது தற்செயல்.

சத்தம் மாறிவிட்டது என்றார்.

காலையிலிருந்து சொம்புக்குள் பால் களக் களக் என்று தளும்புவது அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது அப்படி இல்லை. கனமாக, தொப்பென்று ஏதோ இடிக்கிறது என்றார். நாங்கள் ஒவ்வொருவராகக் காதை வைத்தோம். அவர் மெதுவாக ஆட்டினார். உள்ளே ஒன்று மோதியது. சந்தேகமில்லை. வெயில் எங்களை ஜெயித்துவிட்டது, பால் திரிந்து கட்டியாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு தமாரேன் உப்பளங்கள்வரை நடந்தோம். அங்கே ஒரு புளியமரம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். அந்த வெண்மையைப் பார்க்கத் தம்பியால் முடியவில்லை, முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்.

மச்சான்தான் முதலில் பேசினார். குமாஸ்தா வேலையில் இருப்பவருக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி இருக்கும். பக்கத்துக் குடியிருப்பில் மாடு இல்லாமலா போகும், புதுப்பால் வாங்கி மாற்றிவிடுவோம், மாவும் மஞ்சள் துணியும் எங்கேயும் கிடைக்கும் என்றார். சாமிக்கு எந்த மாடு என்றா தெரியப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தவர், அது எவ்வளவு தப்பான வாதம் என்று புரிந்து நிறுத்திக்கொண்டார். தச்சர் வேறு மாதிரி சொன்னார். தங்கள் கோயிலில் சாமியார் ஊற்றும் திராட்சை ரசம் எப்போதோ புளித்ததுதான், அதற்காக யாரும் அழுததில்லை என்று. சிரிக்க வைக்கப் பார்த்தார். என் அலமாரியில் இதற்குப் புத்தகம் இல்லை.

பிறகு தம்பி என்னைப் பார்த்து, "மாத்திக் கொண்டுபோய் ஊத்திட்டா சாமி மன்னிச்சிடுவாரு அண்ணே. அது எனக்குத் தெரியும்" என்றார். "வீட்டுல அவ பாலு எப்படி இருந்துச்சுன்னு கேப்பா. நல்லா இருந்துச்சும்பேன். அவ புள்ளய வெளிய விட்டுடுவா. அப்புறம் அதுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட நான் என்ன பண்ணுவேன்?"

அவரே எழுந்து கோணியை நனைத்தார். கெட்டுப்போனதாக நினைத்த பாலுக்கு எதற்குக் கோணியை நனைக்கிறீர்கள் என்று கேட்கும் அளவுக்கு எங்களில் யாரும் புத்திசாலி இல்லை.

காஸ் நோயாலில் கடலை விட்டுப் பிரிந்து மலை ஏறவேண்டும். அந்த ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டிப்போனதாக மச்சான் இப்போதெல்லாம் போ பசானில் சொல்லிக்கொள்கிறார். தள்ளிக்கொண்டு போனோம். சில இடங்களில் சைக்கிள் எங்களைக் கீழே தள்ளியது. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது, மரங்கள் வந்தன. திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வெளி முழுதும் ஒரு பழைய பாயைப்போலக் கிடந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அதைப் பற்றி அழகாக ஏதாவது சொல்லி மற்றவர்களைத் தொந்தரவு செய்திருப்பேன்.

தம்பியின் மாமனார் வீட்டில் இரவு தங்கினோம். சொம்பைக் கோயில் பக்கத்து ஓடையில், ஓடும் தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தி வைத்தார்கள். காலையில் அந்த ஓடைக்கரையிலேயே தச்சர் காவடியை விரித்து முளை அடித்தார். குடியிருப்புப் பெண்கள் பூக்கட்டினார்கள். தம்பி அலகு குத்திக்கொண்டு, வாய் பேசமுடியாத நிலையில், அந்தச் சொம்பை மேலே கட்டிக்கொண்டு நடந்தார். முன்னால் பின்னால் வேறு காவடிகள். எல்லாம் உள்ளூர்ப் பால், காலையில் கறந்தது. நான் அவர் பக்கத்திலேயே போனேன். மற்றவர்களுக்கு முகத்தில் அருள் வந்திருந்தது. தம்பிக்கோ கோர்ட்டுக்குப் போகிறவரின் முகம்.

பூசாரி கரும்பு வெட்டுகிற மனிதர். வருடத்தில் சில நாட்கள்தான் பூசாரி. வரிசை நீளமாக இருந்தது, அவருக்குத் தோள் வலி வேறு. ஒவ்வொரு சொம்பாக அவிழ்த்து, முகர்ந்து, ஊற்றி, அடுத்தது என்று கை நீட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் சொம்பு வந்தது. மாவை உடைத்தார், துணியை எடுத்தார், இலையை எடுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

வெளுத்த மோர்த் தண்ணீர். அதன்மேல் எலுமிச்சை அளவில் ஒரு வெண்ணெய் உருண்டை, அமைதியாக மிதந்துகொண்டிருந்தது.

பூசாரி முகர்ந்தார். "புளிக்கலயே" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட. பின்னாலிருந்து ஒரு கிழவர் இது பாலே இல்லை என்றார். ஒரு அம்மாள் பாலிலிருந்து வந்ததுதானே என்றாள். பால் கெட்டால்தானே குறை, இது கெட்டதா என்று இன்னொருவர். கெடவில்லை, ஆனால் பாலாகவும் இல்லை என்று கிழவர். அந்த விவாதம் நன்றாகவே வளர்ந்திருக்கும். தம்பிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு காவடி காத்திருந்தன. அவர் சொம்பைக் கவிழ்த்தார். தண்ணீர் வழிந்தது, உருண்டை சொம்பின் கழுத்தில் சிக்கிக்கொண்டது. விரலை விட்டு எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் முருகனின் தோளில் அப்பிவிட்டு, அடுத்தது என்று கை நீட்டினார்.

அலகை எடுத்ததும் தம்பி முதலில் கேட்டது, "கெட்டதா, கெடலயா?" என்றுதான். மச்சான் கெடவில்லை என்று சட்டப்படி நிரூபித்தார். தம்பி தலையை ஆட்டினார், கேட்கவில்லை. கல்ரோட்டில் முக்கால் சொம்புப் பாலைப் பாதி நாள் குலுக்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் நாலு பேருக்கும் அப்போதுதான் ஒரே நேரத்தில் உறைத்தது. நாங்கள் வெயிலுக்குக் கோணி சுற்றினோம். ரோட்டுக்கு ஒன்றும் சுற்றவில்லை. கடைந்தது நாங்களே.

மறுநாள் கிளம்புமுன் தம்பி கோயிலுக்குள் போனார். வர நேரமானதால் நானும் போனேன். முதல் நாள் எத்தனையோ குடம் பாலும் தண்ணீரும் ஊற்றிக் கழுவித் துடைத்து அலங்காரம் செய்திருந்தார்கள். தோளுக்கும் வேலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் கொஞ்சம் வெண்ணெய் அப்படியே இருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன், அபத்தமாக. வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் அந்த வெளி முழுதும் எங்களுக்கு ஒரே வேலை: தம்பி வீட்டில் என்ன சொல்வது. மச்சான் மூன்று வகையாகச் சொல்லிக் காட்டினார். மூன்றும் உண்மைதான். மூன்றிலும் வெண்ணெய் என்ற சொல் மட்டும் இல்லை. தச்சர் ஒரே வரி போதும் என்றார்: பூசாரி ஊற்றினார். அதுவும் உண்மை. தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார், எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. போர் லூயியில் மச்சான் பிரிந்தார். தச்சர் பாதி வழியில் கிழக்கே திரும்பவேண்டியவர், திரும்பவில்லை. வீடுவரை வருகிறேன் என்றார்.

அந்தியில் ட்ரியோலே. படலுக்கு உள்ளே அவள் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை கீழே, கம்பைப் பிடித்துக்கொண்டு. தம்பி சைக்கிளைச் சாய்க்கக்கூட இல்லை. நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டார்.

"பாலு வெண்ணெயாயிடுச்சு."

நான் முன்வந்து ரோட்டைப் பற்றியும் கல்லைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன். தச்சர் என் கையைத் தொட்டார், நிறுத்தினேன்.

"புளிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பூசாரி ஊத்தினாரா?"

"தண்ணிய ஊத்தினாரு. வெண்ணெய முருகன் தோள்ல வச்சாரு."

"அப்புறம்?"

"அங்கயேதான் இருக்கு. நாங்க கிளம்புறப்பவும் பாத்தேன். எத்தனையோ பேரு பால ஊத்தினாங்க, அது போகல."

அவள் அதை யோசித்தாள். தச்சர் சைக்கிள் மணியைக் கையால் மூடி வைத்துக்கொண்டு நின்றார், அது தானாக அடித்துவிடும் என்று பயந்தவர்போல.

"பால ஊத்தியிருந்தா வழிஞ்சு வாய்க்கால்ல போயிருக்கும்" என்றாள் கடைசியில். "இது இருக்குல்ல."

கேள்வியா, சொல்லா என்று தெரியவில்லை. தம்பி இருக்கு என்றார்.

இதைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அவள் அதை நம்பினாளா, அல்லது போதும், இனி பயப்படுவதில்லை என்று முடிவுசெய்து, அதற்குத் தோதாக அந்த வெண்ணெயை எடுத்துக்கொண்டாளா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பற்றிப் பெரிய பெரிய மனிதர்கள் எழுதியிருக்கிறார்கள், என் அலமாரியில் இருக்கிறது. படித்துப் பார்த்தேன். படலின் அந்தப் பக்கம் நின்றவர்கள் யாரும் அதில் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. தம்பி பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு யோசிக்க எதுவும் கிடைத்திருக்காது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அவள் படலைத் திறந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். முதலில் தச்சரைப் பார்த்தாள், அவர் கை முழுதும் தேங்காயெண்ணெயும் தூசியும். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"புடிங்கண்ணே, மாடு கத்துது, கறக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குழந்தை நான் நினைத்ததைவிடக் கனம். உட்கார இடமில்லை. தம்பி படல் கம்பத்தில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார், அவரைக் கூப்பிட மனமில்லை. ரோட்டில் போன ஒருவர் நின்று, இது யார் குழந்தை என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கிட்டே வந்து நன்றாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.